கணினி நின்றுபோனால்: ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை மீட்பது எப்படி?



ஐப்பசி மழை பிடித்திருந்த நாட்களில் ஒரு காலை, நம் அறக்கட்டளை அலுவலகத்தின் கணினி ஓடவில்லை. முந்தின இரவு போலகம் முழுவதும் மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் கறுப்புப் பின்னணியில் இரண்டு வரி ஆங்கிலம் வந்து நிற்கிறது. அந்தப் பெட்டிக்குள் 11 ஆண்டுக் கோப்புகள் இருந்தன. கல்வி உதவி கேட்ட மாணவர்களின் விண்ணப்பங்கள், மருத்துவ உதவி பெற்றவர்களின் விவரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வட்டியில்லாக் கடன் வாங்கியவர்களின் பேரேடு.

அன்று நாங்கள் சில தவறுகள் செய்தோம். ஒரு பெரிய தவறைச் செய்யவிருந்த நேரத்தில் தடுக்கப்பட்டோம். நம் வீடுகளில் இப்போது கணினியும் லேப்டாப்பும் இல்லாத வீடு குறைவு. பிள்ளைகளின் படிப்பு, சபுராளிகளின் ஆவணங்கள், கல்யாணப் படங்கள், மவுத்தாகிவிட்ட பெரியவர்களின் குரல் என்று எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம் என்பதால் அதையே இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

முதல் பாடம்: கணினி ஓடவில்லை என்றால் கோப்புகள் போய்விட்டன என்று பொருளல்ல

கணினி என்பது ஒரே பொருள் அல்ல. மின்சாரம் தரும் பெட்டி, தாய்ப்பலகை, ராம், விண்டோஸ் என்னும் இயக்கமுறை, கோப்புகளைத் தாங்கும் ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்ந்துதான் கணினி. இவற்றில் எது கெட்டாலும் "கம்ப்யூட்டர் ஓடவில்லை" என்றுதான் சொல்வோம். விளக்கே எரியவில்லை என்றால் பெரும்பாலும் மின்சாரப் பகுதியில் பழுது இருக்கும். பீப் பீப் என்று ஒலித்தால் ராம் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். விண்டோஸ் சின்னம் வரை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் இயக்கமுறையின் கோப்புகள் கெட்டிருக்கும். இந்த மூன்றிலும் ஹார்ட் டிஸ்க் நலமாகவே இருக்க வாய்ப்பு உண்டு.

டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கணினியைத் தொடங்கியதும் எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தினால் பயாஸ் என்னும் அமைப்புப் பக்கம் திறக்கும். சில கணினிகளில் வேறு விசை இருக்கும். அதில் டிஸ்க்கின் பெயரும் அளவும் தெரிந்தால், மின்சாரமும் இணைப்பும் அதற்குப் போகின்றன என்று பொருள். தெரியாவிட்டால் இணைப்புக் கம்பி தளர்ந்திருக்கலாம், இல்லையேல் டிஸ்க்கே கெட்டிருக்கலாம். எங்கள் கணினியில் பெயர் தெரிந்தது. ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்பே ஏழெட்டு முறை அணைத்து அணைத்துப் போட்டுவிட்டோம். பதற்றத்தில் செய்த முதல் தவறு அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஏன் தவறு என்பதை அறிய, டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கண்ணாடி போல் வழவழப்பான தட்டுகள் ஒன்றோ பலவோ உள்ளே சுழல்கின்றன. நாம் வாங்கும் சாதாரண டிஸ்க்குகளில் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. தட்டின் மேல் மெல்லிய காந்தப்பூச்சு இருக்கும். எழுத்தும் படமும் குரலும் அதில்தான் காந்தப் புள்ளிகளாகப் பதிகின்றன. அவற்றைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். அப்படியானால் ஒரு தூசி உள்ளே போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வணிக டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து தாங்கியது 50 லட்சம் எழுத்துகளைத்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே படத்துக்கு அந்த இடம் போதாமல் போகலாம். அளவு சுருங்கச் சுருங்க நுணுக்கம் கூடியது, நுணுக்கம் கூடியதால் பொறுக்கும் தன்மை குறைந்தது.

படிக்கும் முனை பழுதாகித் தட்டில் உரசத் தொடங்கினால், ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் அது காந்தப்பூச்சைச் சுரண்டும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்ததை உலகில் எவராலும் திருப்பித் தர முடியாது. அதனால் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். டிக் டிக் என்றோ கிறீச் என்றோ ஒலி வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். "இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

நாங்கள் செய்யவிருந்த பெரிய தவறு

அன்று பழுது பார்க்க வந்த சகோதரர் பார்த்துவிட்டு, "பாய், விண்டோஸ் போயிருக்கு. ஃபார்மட் பண்ணி புதுசா போட்டா அரை மணி நேரத்துல ஓடிடும். சி டிரைவ மட்டும்தான் அழிப்போம், டி டிரைவுல கை வைக்க மாட்டோம்" என்றார். அவர் சொன்னதில் வஞ்சகம் எதுவும் இல்லை. கணினியை ஓட வைப்பதுதான் அவர் வேலை. நாங்களும் தலையாட்டிவிட்டோம்.

அலுவலகத்தில் தட்டச்சு உதவிக்கு வரும் கல்லூரி மாணவி ஒருவர் அப்போது அங்கே இருந்தார். "மாமா, நாம எல்லாத்தையும் டெஸ்க்டாப்புல தானே வச்சிருக்கோம்? டெஸ்க்டாப்பு சி டிரைவுல தானே இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு கேள்வி 11 ஆண்டு வேலையைக் காப்பாற்றியது.

இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துகொள்ளுங்கள். திரையில் கண்ணுக்கு முன்னால் தெரியும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய அனைத்தும் நாமாக மாற்றி வைத்தால் ஒழிய சி டிரைவில்தான் இருக்கின்றன. சி டிரைவை அழித்தால் அவையும் சேர்ந்து போகும்.

அழிப்பதிலும் இரண்டு நிலை உண்டு. விரைவு ஃபார்மட் என்பது ஒரு தப்தரின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது. உள்பக்கங்கள் அப்படியே இருக்கும், எது எங்கே என்று மட்டும் தெரியாது. அந்த நிலையில் மீட்க வழி உண்டு. அதன்மேல் புது விண்டோஸை ஏற்றுவது பழைய பக்கங்களின் மீதே வேறு எழுதுவது போன்றது. மேலே எழுதப்பட்ட இடம் போனது போனதுதான். ஆகவே பழுது பார்ப்பவரிடம் முதலில் சொல்ல வேண்டிய சொல் "ஓட வையுங்கள்" என்பதல்ல. "உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுங்கள், அதுவரை இதில் எதையும் எழுதாதீர்கள்" என்பதுதான்.

வெளியே எடுக்கும் முறை

டிஸ்க்கில் விபரீத ஒலி எதுவும் இல்லை, பயாஸ் பக்கத்தில் பெயர் தெரிகிறது என்றால் வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, டிஸ்க்கைக் கழற்றி வேறொரு நல்ல கணினியில் இணைப்பது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, திருகாணிகளை எடுத்து, சாட்டா கம்பிகள் இரண்டையும் மெல்ல உருவினால் டிஸ்க் கையில் வரும். லேப்டாப் டிஸ்க் இரண்டரை அங்குலம், மேசைக் கணினியின் டிஸ்க் மூன்றரை அங்குலம். சாட்டாவிலிருந்து யூ.எஸ்.பி.க்கு மாற்றித்தரும் இணைப்பான் கணினிக் கடைகளில் கிடைக்கிறது. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு யூ.எஸ்.பி. தரும் மின்சாரம் போதாது, தனி அடாப்டருடன் வரும் இணைப்பானாகப் பார்த்து வாங்குங்கள். இணைத்ததும் அது ஒரு பெரிய பென் டிரைவ் போலத் தெரியும். யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் உள்ளதைத் திறந்தால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் இருக்கும்.

இரண்டாம் வழி, டிஸ்க்கைக் கழற்றாமலே லினக்ஸ் பென் டிரைவில் கணினியை ஓட வைப்பது. உபுண்டு போன்ற லினக்ஸ் இயக்கமுறையை வேறொரு கணினியில் இலவசமாக இறக்கி, ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதைச் செருகிக் கணினியைத் தொடங்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் தேர்வை அழுத்தினால், விண்டோஸின் துணை இல்லாமலே கணினி ஓடும். உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் திறந்து, வெளியே செருகிய மற்றொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். தவறியும் நிறுவும் தேர்வை அழுத்திவிடாதீர்கள்.

எந்த வழியானாலும் சில கட்டுப்பாடுகள் உண்டு.

இணைத்தவுடன் "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். "பிழைகளைச் சரிசெய்யட்டுமா?" என்று கேட்டாலும் இப்போது வேண்டாம். சரிசெய்வதும் எழுதுவதுதான்.

கட் செய்து ஒட்டாதீர்கள், காப்பி மட்டும் எடுங்கள். எடுத்தவற்றை ஒருபோதும் அதே டிஸ்க்கில் வைக்காதீர்கள்.

முக்கியமானதை முதலில் எடுங்கள். பலவீனமான டிஸ்க் எந்த நிமிடமும் நிற்கலாம். 200 ஜி.பி. திரைப்படங்களை முதலில் நகலெடுத்துவிட்டு, 2 எம்.பி. கணக்கை எடுக்கும் நேரத்தில் டிஸ்க் நின்றுபோனால் யாரை நொந்துகொள்வது?

டிஸ்க் மிக மெதுவாகப் படிக்கிறது, இடையிடையே நின்றுவிடுகிறது என்றால் கோப்பு கோப்பாக எடுப்பது அதை மேலும் வதைக்கும். அப்போது முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு பிம்பமாக வேறு டிஸ்க்கில் இறக்க வேண்டும். டிடிரெஸ்க்யூ என்னும் இலவச லினக்ஸ் மென்பொருள் எளிதில் படியும் இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். பிறகு அந்தப் பிம்பத்தின் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களை ஓட்டலாம். பொருளடக்கமே போன டிஸ்க்கிலும் படம், ஆவணம் ஆகியவற்றின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு ஃபோட்டோரெக் தேடி எடுக்கும். கோப்பின் பெயர் வராது, எண்கள்தான் வரும். ஆயிரம் படங்களுக்கு நடுவே உட்கார்ந்து தேடப் பொறுமை வேண்டும். கணினி படித்த பிள்ளைகள் யாராவது உடனிருந்தால் நல்லது.

கை வைக்கக்கூடாத இடங்கள்

டிஸ்க்கின் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்தால் ஓடும், தட்டினால் ஓடும் என்று சொல்வார்கள். குளிர்ந்த டிஸ்க்கில் நீர் கோத்துத் தட்டு கெடுவதுதான் மிச்சம். டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சைப் பலகை கருகிவிட்டால் அதே மாதிரி வேறொன்றை வாங்கி மாட்டலாம் என்பதும் பழைய டிஸ்க்குகளுக்குத்தான் பொருந்தும். இக்காலப் பலகையில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் ஒரு சில்லில் பதிந்திருக்கும். அந்தச் சில்லையும் மாற்றி ஒட்டாமல் புதுப் பலகை பெரும்பாலும் வேலை செய்யாது.

நம் பகுதிக்கு முக்கியமானது தண்ணீர். 2004 டிசம்பர் 26இல் கடல் உள்ளே வந்ததையும், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததையும் கண்டவர்கள் நாம். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். வெயிலில் காயவைப்பது, அரிசிப் பானைக்குள் புதைப்பது, தலைமுடி உலர்த்தியைக் காட்டுவது எதுவும் வேண்டாம். உப்பும் சேறும் தட்டின் மேல் காய்ந்து ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, விரைவாக வல்லுநரிடம் சேர்ப்பதே முறை. நமக்கு வேடிக்கையாகத் தோன்றினாலும் மீட்புத் தொழிலில் உள்ளவர்கள் தரும் அறிவுரை இதுதான்.

தூசியில்லாத சுத்த அறை வைத்துத் தட்டுகளைத் திறந்து வேலை செய்யும் நிறுவனங்கள் சென்னை போன்ற பெருநகரங்களில் உள்ளன. செலவு அதிகம். கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பார்ப்பதற்கே கட்டணமா? கோப்பு வராவிட்டாலும் பணம் உண்டா? எவ்வளவு ஆகும் என்று சொன்ன பிறகுதான் வேலை தொடங்குவார்களா?

இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறோம். டிஸ்க்கில் நம் வீட்டுப் பெண்களின் படங்கள், குடும்ப ஆவணங்கள் இருக்கும். பக்கத்துக் கடையில் கொடுப்பதாக இருந்தால் வீட்டார் ஒருவர் கூடவே இருந்து, நம்முடைய டிஸ்க்குக்கு நேரடியாக நகலெடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரரின் கணினியில் நகல் தங்க வேண்டாம். நேர்மையான கடைக்காரர் இதற்கு வருந்தமாட்டார்.

வானத்திலிருந்து விழுந்த டிஸ்க்

சரியான கையில் கொடுத்தால் மிக மோசமான நிலையிலிருந்தும் சில சமயம் மீளலாம் என்பதற்கு ஒரு சம்பவம். 2003 பிப்ரவரி 1இல் கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துக்கு மேலே சிதறியது. ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் உயிரிழந்தனர். பல மாதங்களுக்குப் பின், வற்றிய ஏரிப்படுகை ஒன்றில் கருகிய உலோகக் கட்டி ஒன்று கிடைத்தது. விண்கலத்தில் செனான் வாயுவை வைத்து நடந்த ஓர் ஆய்வின் ஹார்ட் டிஸ்க் அது. பிளாஸ்டிக் உருகியிருந்தது, தூசு உள்ளே போயிருந்தது. ஆனால் ஆய்வின் பதிவு இருந்த பகுதியில் தட்டுகள் கெடவில்லை. தட்டுகளைக் கழற்றிக் கழுவி, வேறொரு டிஸ்க்கின் உடலில் பொருத்தி, ஏறத்தாழ 99 சதவீதத்தை வல்லுநர்கள் மீட்டனர். அந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது.

வானத்திலிருந்து விழுந்தும் அது மிஞ்சியதற்கு முக்கியக் காரணம், பதிவு இருந்த பகுதி கெடாமல் இருந்ததுதான். மேசை மீது அசையாமல் இருந்த எங்கள் டிஸ்க்கை நாங்களோ ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தோம்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

புதிய லேப்டாப்களில் சுழலும் தட்டு இல்லை. எஸ்.எஸ்.டி. என்னும் சில்லுகள் உள்ளன. வேகம் அதிகம், கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. ஆனால் கெடும்போது பல சமயம் முன்னறிவிப்பு இருக்காது, ஒலியும் வராது. அழித்த கோப்புகளின் இடத்தை அது தானாகவே துடைத்து வைத்துக்கொள்வதால், தவறி அழித்ததை மீட்கும் வாய்ப்பும் பழைய டிஸ்க்கைவிடக் குறைவு.

அதோடு, விண்டோஸ் 11 வரும் பல லேப்டாப்களில் பிட்லாக்கர் என்னும் பூட்டு நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். லேப்டாப்பை முதன்முதலில் தொடங்கும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கும். கடைக்காரரோ துபாயில் இருக்கும் மச்சானோ தன் கணக்கைப் போட்டுத் தொடங்கியிருந்தால், சாவி அவரிடம் இருக்கும். கணினி நன்றாக ஓடும் இன்றே அந்த 48 இலக்கத்தைப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள்.

எங்களுக்கு எவ்வளவு கிடைத்தது?

டிஸ்க்கைக் கழற்றி, அந்த மாணவியின் அண்ணன் கொண்டுவந்த இணைப்பானில் பொருத்தினோம். அல்ஹம்துலில்லாஹ், 11 ஆண்டுக் கோப்புகள் ஏறத்தாழ எல்லாம் வந்தன. ஒன்றே ஒன்று வரவில்லை. அந்த ஆண்டின் கடன் பேரேடு. முந்தின இரவு மின்சாரம் போனபோது அந்தக் கோப்புதான் திறந்திருந்தது. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு பாதியில் உடைந்துவிடும். பெயர் இருந்தது, திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

முன்பெல்லாம் ரசீதுப் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதுவோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்திவிட்டுக் கணினியிலேயே ரசீது அச்சிட்டுக் கொடுக்கத் தொடங்கினோம். நவீனமாகிவிட்டோம் என்ற மகிழ்ச்சி வேறு. அடிக்கட்டை இல்லாததால், எங்களிடம் மிஞ்சியது ரமளானில் தணிக்கைக்காக அச்சிட்ட ஒரு தாள் மட்டும். அதற்குப் பின் ஏழு மாதங்களில் யார் எவ்வளவு திருப்பிக் கட்டினார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க வேண்டும், சாட்சியும் வைக்க வேண்டும் என்று கட்டளையிடுவது அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். நாங்கள் எழுதித்தான் வைத்தோம், ஒரே இடத்தில் எழுதி வைத்தோம். கட்டியவரை மீண்டும் கட்டச் சொல்வது அநியாயம். ஊர் மக்கள் நம்பிக் கொடுத்த பணத்தைக் கணக்கில்லாமல் விடுவதும் அமானித மோசடி. இரண்டுக்கும் நடுவில் நின்றோம்.

கடன் நிலுவையில் இருந்த 23 பேருக்கும் உண்மையைச் சொல்லி அனுப்பினோம். மறுநாளே ஒரு வயதான சகோதரி வந்தார். எங்கள் ரமளான் தாளின்படி அவர் இன்னும் 6,000 ரூபாய் தர வேண்டும். பால்மாவு டின் ஒன்றைத் திறந்து, ரேஷன் அட்டையோடு மடித்து வைத்திருந்த ஆறு ரசீதுகளை மேசையில் அடுக்கினார். "தம்பி, முழுசும் கட்டியாச்சு. என் பேர் இன்னும் கடன்லயா இருக்கு?" என்றார். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இப்படி 17 பேர் ரசீதுகளைக் கொண்டுவந்தார்கள். ஆறு பேரிடம் ரசீது இல்லை, நினைவிலிருந்து சொன்னார்கள். மஷூரா செய்து அவர்கள் சொல்லை ஏற்றோம். வசூலான பணத்தை வாரந்தோறும் வங்கியில் கட்டியிருந்ததால், எல்லாவற்றையும் கூட்டிப் பாஸ்புக்குடன் ஒப்பிட்டோம். 1,500 ரூபாய் மட்டும் குறைந்தது. யார் கணக்கில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, கண்டுபிடிக்கவும் முயலவில்லை. கவனக்குறைவு எங்களுடையது என்பதால் அந்தத் தொகையை நிர்வாகிகளே தங்கள் கையிலிருந்து கட்டினோம்.

ஒன்றுக்கு மேற்பட்ட இடம்

எங்கள் கணக்கை மீட்டது மென்பொருள் அல்ல. பால்மாவு டின்னில் இருந்த ரசீதும் வங்கியில் இருந்த பதிவும்தான். ஒரே செய்தி வேறு வேறு இடங்களில் இருந்ததால் பிழைத்தோம். இது நம் காரைக்காலுக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை ஒன்றுக்கு மேற்பட்ட படியாக எழுதும் முறை இருந்தது. காலனிகளின் பதிவேடுகளில் கூடுதலாக ஒரு படி எடுத்துப் பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776இலேயே அரச ஆணை பிறந்தது. கரையானும் கடல்காற்றும் ஓர் இடத்தின் ஏட்டைத் தின்றாலும் மற்றொன்று மிஞ்சும் என்ற எண்ணம். அந்தப் பழைய படிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிரெஞ்சுக் குடியுரிமைக்காகப் பாட்டனாரின் பதிவைத் தேடி அலைந்த குடும்பங்களுக்கு அந்தத் தொலைதூரப் படியின் அருமை தெரியும்.

இக்காலக் கணினி வல்லுநர்கள் இதையே 3-2-1 என்கிறார்கள். முக்கியமானவற்றுக்கு மூன்று படிகள், இரண்டு வகைப் பொருளில், அவற்றில் ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ சபரில் இருக்கும் மகனிடமோ ஒன்று. வெளி டிஸ்க்கை எப்போதும் கணினியோடு செருகியே வைத்தால் இடி விழும்போது இரண்டும் சேர்ந்து போகும். இணையச் சேமிப்பில் தானாக ஒத்திசையும் கோப்பு, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதையும் மறக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் இத்தனை பாடு வேண்டியதில்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரிலோ அலுவலகத்திலோ மீண்டும் பெறலாம். பாடப்புத்தகத்தை மீண்டும் இறக்கலாம். வாப்பாவின் குரல், உம்மாவின் கையெழுத்தைப் படம் பிடித்தது, சொந்தக் கணக்கு ஆகியவற்றை எந்த அலுவலகமும் திருப்பித் தராது. அவற்றைத் தனியாக ஒரு கோப்புறையில் சேருங்கள். பெரும்பாலும் அது ஒரு பென் டிரைவுக்குள் அடங்கிவிடும்.

அறக்கட்டளை எடுத்த முடிவுகளையும் உங்கள் முன் வைக்கிறோம். கார்பன் ரசீதுப் புத்தகம் திரும்ப வந்துவிட்டது. கணினிக்கு யூ.பி.எஸ். வாங்கிவிட்டோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்கு முன் கோப்புகள் வெளி டிஸ்க்கில் ஏறும், அந்த டிஸ்க் அலுவலகத்தில் தங்காமல் பொருளாளர் வீட்டுக்குப் போகும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பார்ப்போம். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்ப முடியாது. கடன் பேரேடு மாதக் கடைசியில் தாளில் அச்சாகும்.

உங்கள் வீட்டுக் கணினியும் இப்படி நின்றுவிட்டால், ஃபார்மட் செய்யும் முன் ஒரு வார்த்தை அலுவலகத்தில் சொல்லுங்கள். இணைப்பான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பின் வந்து, உங்கள் கண் முன்னாலேயே உங்கள் டிஸ்க்குக்கு நகலெடுத்துப் போகலாம். கட்டணம் இல்லை. வட்டியில்லாக் கடன் பெற்றவர்கள் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறையும் எங்களைத் திருத்த அவை தேவைப்படலாம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்